பழைய வாகனங்களில் எஞ்சின் விட்டுவிட்டு நிற்றல்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென அணைந்து, சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்பும் கோளாறே விட்டுவிட்டு நிற்றல் ஆகும். அறவே கிளம்பாத வண்டியில் குறை கண்டுபிடிப்பதைவிட இதில் கண்டுபிடிப்பது கடினம். மெக்கானிக் பார்க்கும் நேரத்தில் கோளாறு இருக்காது என்பதே காரணம். பிளக், காயில், பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் பணம் கரையும். அடுத்த பயணத்தில் வண்டி மறுபடியும் நிற்கும். எந்தச் சூழலில் நிற்கிறது என்பதைக் குறித்து வைப்பதும், நின்ற சில நிமிடங்களுக்குள் சோதிப்பதுமே இதற்கு உரிய வழி.

மலைப்பாதையில் ஏன் அதிகம்?

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செம்மேடு, வாசலூர்பட்டி முதலிய ஊர்களுக்குச் செல்லும் வண்டி, முதல் இரண்டு கியர்களில் நெடுநேரம் மெதுவாக ஏற வேண்டும். எஞ்சின் கடுமையாக உழைக்கும். முன்பக்கம் காற்று போதிய அளவு வீசாது. பானட்டுக்குள் வெப்பம் தேங்கும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தமும் குறையும். 1,000 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு குறைவு. சமவெளியில் வெளிப்படாத பலவீனங்கள் ஏற்றத்தில் வெளிப்படுவது இதனால்தான். அதே வண்டி நாமக்கல் பட்டறைக்கு இறங்கி வந்து நிழலில் நின்றால், எஞ்சின் ஆறி நன்றாகவே ஓடும்.

நிற்கும் விதம் சொல்லும் செய்தி

பெட்ரோல் எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். விட்டுவிட்டு நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் தீப்பொறியோ எரிபொருளோதான் தடைபடுகிறது.

சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். இழுவை குறைந்து, திக்கித் திணறி, குலுங்கி நின்றால் எரிபொருள் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். இது முதல் ஊகம் மட்டுமே, முடிவு அல்ல.

குறித்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பின்வருவனவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

1. கிளம்பி எவ்வளவு நேரத்தில் நின்றது? எஞ்சின் சூடாக இருந்ததா?
2. ஏற்றமா, இறக்கமா, சமதளமா, வளைவா?
3. டாங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது?
4. மழையா, பனிமூட்டமா, வெயிலா?
5. பள்ளத்தில் இறங்கி ஏறியபோது நின்றதா?
6. மீண்டும் கிளம்ப எத்தனை நிமிடம் ஆயிற்று?

நான்கைந்து முறை எழுதினாலே ஓர் ஒழுங்கு புலப்படும். பள்ளத்தில் மட்டும் நின்றால் தளர்ந்த வயர், பேட்டரி முனை, எர்த் வயர், தேய்ந்த சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கனமான சாவிக்கொத்து ஆடி ஆடியே சுவிட்சைக் கெடுப்பதுண்டு. மழையிலும் பனிமூட்டத்திலும் மட்டும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விரிசலையும் பிளக் வயர்களையும் கவனிக்க வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், மின்கசிவு நீலப் பொறியாகத் தெரியக்கூடும். டாங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் மட்டும் நின்றால், அது ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சுகுழாய்க்கு எட்டாமல் போயிருக்கலாம்.

ஒரே அறிகுறி, இரண்டு நோய்கள்

சூடானால் நின்று, ஆறினால் கிளம்பும் வண்டியில்தான் குழப்பம் மிகுதி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கோளாறுகள் இதே அறிகுறியைக் காட்டும்.

முதலாவது ஆவி அடைப்பு. பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகுபவை 40 பாகை செல்சியசை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 போன்ற கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு பொருத்தப்பட்டிருக்கும். டாங்க் பின்னால் இருக்கும். பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மலை உயரமும் எஞ்சின் சூடும் சேர்ந்துகொண்டால் குழாய்க்குள் குமிழிகள் உண்டாகும். திரவத்தைத் தள்ளும் பம்பால் ஆவியைத் தள்ள முடியாது, கார்புரேட்டர் வறண்டுவிடும். அம்பாசிடர் ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகவே. டாங்குக்குள்ளேயே மின்பம்ப் உள்ள வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்துடன் முன்னோக்கித் தள்ளப்படுவதால் இத்தொல்லை மிக அரிது.

இரண்டாவது இக்னிஷன் காயிலின் தளர்ச்சி. காயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டுள்ளது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பியின் காப்புப்பூச்சு பலவீனமடையும். சூட்டில் மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்து தீப்பொறி மங்கும், அல்லது அற்றுப்போகும். ஆறியதும் காயில் பழைய நிலைக்குத் திரும்பும். கண்டன்சரும் இவ்வாறே சூட்டில் கெட்டு, ஆறியதும் வேலை செய்வதுண்டு.

இரண்டிலும் அரைமணி நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். காத்திருந்து கிளம்பிய வண்டி எந்த உண்மையையும் சொல்லாது. ஆகவே சோதனையை ஆறுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

நின்றவுடன் செய்யும் இரு சோதனைகள்

தீப்பொறிச் சோதனை: ஒரு பிளக் வயரைக் கழற்றி, கையிருப்பில் உள்ள வேறொரு பிளக்கில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உலோகத்தில் நன்கு படும்படி வைத்து, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் தீப்பொறிப் பக்கம் சரி. மங்கிய மஞ்சள் பொறி வந்தாலோ, எதுவும் வராவிட்டாலோ காயில், கண்டன்சர், பாயிண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயரைக் கையால் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் வாடை இருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

எரிபொருள் சோதனை: சாவியை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் நெம்புகோலைக் கையால் அசைக்க வேண்டும். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்சினால் கார்புரேட்டரில் எரிபொருள் இருக்கிறது. வராவிட்டால் அது வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம்.

பெட்ரோல் வரவில்லையெனில் டாங்க் மூடியைத் திறக்க வேண்டும். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி கிளம்பினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்புக்கு எதிராக இழுத்திருக்கிறது. பல நாள் அலைச்சல் ஓர் ஊசியால் தீரும் இடம் இது. மூடி சரியாக இருந்தால் ஃபில்டர், டாங்கின் துரு, பழைய ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பரை ஊறச்செய்து பிய்க்கக்கூடும். அந்தத் துணுக்குகள் வழியை அடைக்கும்.

டீசல் வண்டிகள்

டீசல் ஜீப், வேன்களில் தீப்பொறி கிடையாது. ஃபில்டர் அடைப்பும், குழாய் இணைப்பில் காற்று நுழைவதும் முதன்மைக் காரணங்கள். பம்புக்கு முன் சிறிது நீளம் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி ஓடவிட்டால் குமிழிகள் தெரியும். டீசல் ஒழுகாத இணைப்பும் காற்றை உள்ளிழுக்கலாம். எரிபொருளை நிறுத்தும் சோலினாய்டு வால்வுக்குச் செல்லும் வயர் தளர்ந்திருந்தால், டீசல் வண்டியும் சாவி திருப்பியதுபோல் சட்டென்று நிற்கும்.

சாலையில் பாதுகாப்பு

எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். வெற்றிட உதவியுடன் இயங்கும் பிரேக், ஓரிரு மிதிகளுக்குப் பின் மிகக் கடினமாகும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி வண்டியை ஓரத்தில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றத்தை நோக்கி நின்றால் முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வளைவுக்கு முன்பே பிற வண்டிகளுக்குத் தெரியும்படி எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும். கிளம்பாத வண்டியை நியூட்ரலில் உருட்டி அடிவாரம் சேர்க்க முயல்வது உயிருக்கு ஆபத்து.

சோதனையில் காரணம் உறுதியான பிறகே பாகத்தை மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. மாற்றிய பின், நோட்டில் எழுதிய அதே சூழலில், அதே ஏற்றத்தில், பகல் வெளிச்சத்தில் துணை ஒருவருடன் ஓட்டிப் பார்த்தால்தான் கோளாறு தீர்ந்தது எனக் கொள்ளலாம்.