பல்லுறுப்பியும் அதன் சொற்களும்

அட்சரகணிதம் பயிலும் மாணாக்கர் பலர் இடர்ப்படுவது கணிக்குந் திறன் இன்மையாலன்று; சொற்களின் பொருளைத் தெளியாமையாலேயாம். 4ய³ − 7ய + 2 என்னுங் கோவையை எடுத்துக்கொள்வாம். இது மூன்று உறுப்புக்களையுடைய பல்லுறுப்பி. ய என்பது மாறி. 2 என்பது மாறிலி. மாறியைப் பெருக்கி நிற்கும் எண் குணகம் எனப்படும். ய² காணப்படாமையின் அதன் குணகம் பூச்சியம். ய இன் குணகமோ 7 அன்று, −7 ஆகும். குறியுங் குணகத்தைச் சார்ந்ததே. ய² − 5ய + 6 = 0 என்பதில் ய இன் குணகத்தை 5 எனக் கொள்பவர், 2, 3 என்னும் மூலங்களுக்குப் பதிலாக −2, −3 என்பவற்றையே பெறுவர்.

மாறியின் சுட்டிகளுள் மிகப் பெரியது பல்லுறுப்பியின் படி. முன்னர்க் கூறிய கோவையின் படி 3. உறுப்புக்களின் தொகை வேறு, படி வேறு: ய⁵ − 1 இரண்டே உறுப்புக்களை உடையதாயினும் ஐந்தாம் படியினது. சுட்டிகள் பூச்சியமாகவோ நேர் முழுவெண்களாகவோ இருத்தல் வேண்டும். ஆதலின் 1/ய, √ய என்பன பல்லுறுப்பிகள் ஆகா.

படி வெறும் பெயரன்று. சமன்பாடு ஒன்றிற்கு அதன் படியினும் மிக்க மூலங்கள் இரா. மூன்றாம், நான்காம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை இத்தாலியரான கார்டானோ 1545 இல் நூலாக வெளியிட்டார். ஐந்தாம் படிக்கு, நாற்செய்கைகளாலும் மூலங்காண்டலாலும் அமையும் பொதுச் சூத்திரம் இல்லையென நோர்வே நாட்டு ஆபெல் 1824 இல் நிறுவினார். ஆகவே, சமன்பாட்டைத் தீர்க்கப் புகுமுன் அதன் படியை அறிதல் மாணாக்கர் கடனாம்.