மணலில் எது முந்தும்?

துபாயிலிருந்து ஹத்தா போகும் நெடுஞ்சாலையில் அல் பதாயர் என்றொரு இடம். சாலையோரத்திலேயே செங்கல் நிறத்தில் ஒரு பெரிய மணல்மேடு எழும்பி நிற்கும். ஊரே அதை ‘பிக் ரெட்’ என்றுதான் சொல்கிறது. விடுமுறை நாள் காலையில் அங்கே போனால், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டிகளின் பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் மணலில் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியைச் சாவி நுனியால் அழுத்துகிறார்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது. 35 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 15க்கு இறங்கும்போது அடிப்பக்கம் பிதுங்கி, பஞ்சரான வண்டி போலவே ஆகிவிடுகிறது. நம் ஊர்க்காரர் யாராவது பார்த்தால் பதறிப்போய்ப் பஞ்சர் கடையைத் தேடுவார்.

அந்த வரிசையில் டொயோட்டா லேண்ட் குரூசர் நிற்கும், நிசான் பட்ரோல் நிற்கும், ஜீப் ராங்லர் நிற்கும், நடுவே தீப்பெட்டி மாதிரி ஒரு சுசுகி ஜிம்னியும் நிற்கும். இவற்றில் எது மணலுக்கு ராஜா என்பது வளைகுடாவில் தீராத வழக்கு. லேண்ட் குரூசர்காரரும் பட்ரோல்காரரும் இந்த விஷயத்தில் சமாதானமானதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் வழக்கில் பாதி, வண்டி நகர்வதற்கு முன்பே, அந்த ‘உஸ்’ஸில் முடிந்துவிடுகிறது.

வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அதன் அழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் டயர் மணலை மிதிக்கிறது. அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தால், அதே பாரத்தைத் தாங்க இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு தேவைப்படும். டயர் அகலவாக்கில் கொஞ்சமும் நீளவாக்கில் நிறையவும் தரையில் படிந்து அந்தப் பரப்பைத் தேடிக்கொள்கிறது. ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் விரிந்து செய்வதும் இதே வேலைதான். காற்று இறக்காத நானூறு குதிரைத்திறன் வண்டி புதைகிற இடத்தில், காற்று இறக்கிய நூறு குதிரைத்திறன் வண்டி சாவகாசமாகப் போய்விடும்.

இதை விளக்க எகிப்துக்குப் போக வேண்டும். ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களின் பிற்பகுதியில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கெய்ரோவிலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிப் போனார். பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் சாதாரண கார்கள் அவை. மாடல் ஏ காருக்கு இருந்ததே 40 குதிரைத்திறன்தான். டயர் காற்றைக் குறைப்பது, மணலின் நிறத்தையும் வளைவையும் பார்த்துக் கெட்டியான தடத்தைக் கண்டுபிடிப்பது, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு செருகுவது என்று அவர்கள் பழகிய பாடங்களைத்தான் இன்றைக்கும் ஓட்டுநர்கள் படிக்கிறார்கள். மணல் காற்றில் எப்படி நகர்ந்து மேடாகிறது என்று பேக்னால்ட் 1941இல் எழுதிய நூலை மணல்மேடுகளை ஆராய்பவர்கள் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவரே 1940இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக நெடுந்தூரப் பாலைவனப் படை ஒன்றை உருவாக்கினார். ஆரம்பத்தில் அந்தப் படை ஓட்டியது இரு சக்கர இழுவை கொண்ட செவர்லே லாரிகள். 1941இல் நான்கு சக்கர இழுவை கொண்ட ஃபோர்டு லாரிகள் வந்தன. முன்னேற்றம் என்றுதானே நினைப்போம்? அவை கனமாக இருந்தன, பெட்ரோலை இரண்டு மடங்கு குடித்தன. பங்க் இல்லாத பாலைவனத்தில் அதற்கு அர்த்தம், பாதி தூரத்திலேயே திரும்பி வர வேண்டும் என்பதுதான். அடுத்த ஆண்டே கனடாவிலிருந்து இரு சக்கர இழுவை செவர்லே லாரிகளைத் தனியாக வரவழைத்தார்கள்.

அப்படியானால் நான்கு சக்கர இழுவை வீண் பகட்டா? இல்லவே இல்லை. இழுவை இல்லாத முன்சக்கரம் மணலில் கலப்பை மாதிரி உழுது, தனக்கு முன்னால் ஒரு சின்ன மேட்டைக் குவித்துக்கொண்டே போகும். பின்சக்கரம் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். முன்சக்கரத்துக்கும் இழுவை இருந்தால் அது அந்த மேட்டின் மேல் தானே ஏறிவிடும். மெதுவாகப் போகும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேகம் பிடித்துவிட்டால் வித்தியாசம் குறைந்துவிடும்.

சரி, வழக்குக்கு வருவோம். இன்றைய லேண்ட் குரூசர் 2021இல் வந்த 300 வரிசை. எடை சுமார் இரண்டரை டன். 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் 409 குதிரைத்திறன் தருகிறது. ஜிம்னியின் எடை 1.1 டன்தான். அதன் ஒன்றரை லிட்டர் எஞ்சின் நூறு குதிரைத்திறனை ஒட்டித் தரும். டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பெரியதற்கு 160க்கு மேல், சின்னதற்குச் சுமார் 90. எடையும் சக்தியும் சொல்வதைத்தான் மணலும் சொல்கிறது. மெத்து மணலில் லேண்ட் குரூசர் தடம் பதித்து உறுமிக்கொண்டு போகும் இடத்தில் ஜிம்னி மேலாக மிதந்து போகும். ஆனால் நீளமான ஏற்றம் வந்தால் ஜிம்னிக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கும். அதன் ஓட்டுநர் கீழேயே வேகம் பிடித்து வர வேண்டும், கியரைத் தவறவிடக் கூடாது, எங்கே திரும்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். லேண்ட் குரூசர்காரர் தப்பு செய்தாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சமாளித்துவிடலாம். பாலைவன சஃபாரி நடத்துபவர்கள் லேண்ட் குரூசரையே விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஆறேழு பயணிகளை ஏற்றலாம் என்பது இன்னொன்று.

முகட்டில் கதை மாறுகிறது. மேட்டின் உச்சி சில இடங்களில் கத்தி முனை போலிருக்கும். அதைத் தாண்டும்போது வேகம் போதவில்லை என்றால் வண்டியின் வயிறு முகட்டில் உட்கார்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் சுழலும், எதுவும் எதையும் பற்றாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் லேண்ட் குரூசரில் 2.85 மீட்டர், மூன்று கதவு ஜிம்னியில் 2.25 மீட்டர். அந்த அறுபது சென்டிமீட்டரில்தான் பலருடைய மானம் தப்புகிறது. இரண்டு கதவு ராங்லரும் இந்த விஷயத்தில் கெட்டி. ராங்லரின் ரூபிகான் வகையில் முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடலாம். அதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றாலும் எதிர்ச் சக்கரத்துக்கு இழுவை போகும். ஆனால் அதன் திடமான அச்சுகள் பாறைக்காகப் பிறந்தவை. அலையலையான மணலில் வேகமாகப் போனால் குலுக்கி எடுத்துவிடும். பட்ரோலின் 2010 மாடலுக்கு நான்கு சக்கரத்திலும் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு. 5.6 லிட்டர் வி8 எஞ்சினோடு அது அந்த அலைகளை மெத்தையில் போவதுபோலக் கடக்கும்.

சாலைக்காகவே செய்யப்பட்ட சிறிய எஸ்யூவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவை மணலின் விளிம்புவரை போகலாம். அதைத் தாண்டினால் தாழ்ந்த பம்பர் மணலை அள்ளும், இழுவையைப் பகிரும் கிளட்ச் சூடேறிக் கைவிடும்.

அபுதாபியின் தெற்கே லிவாவில் தல் முரைப் என்ற மணல்மேடு உண்டு. உயரம் 300 மீட்டர் என்பார்கள். ஆண்டு முடிவை ஒட்டி நடக்கும் விழாவில் அதன் அடியிலிருந்து உச்சிக்கு வண்டிகளை ஏற்றுவதே ஒரு போட்டி. சரிவு 50 டிகிரி என்று சுற்றுலா விளம்பரங்களில் போட்டிருக்கும். உலர்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அங்கே ஏறும் வண்டிகளில் பழைய பட்ரோல்களுக்குத் தனி மவுசு. 4.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போ பூட்டி, தொழிற்சாலை கனவிலும் நினைக்காத சக்தியைக் கறந்துவிடுகிறார்கள்.

டாக்கர் நெடுந்தூரப் பந்தயத்திலும் நான்கு சக்கர இழுவையா, இரு சக்கர இழுவையா என்ற வழக்கு நடந்தது. 2012 முதல் 2015 வரை நான்கு சக்கர இழுவை மினி வென்றது. அடுத்த மூன்று ஆண்டுகள் பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள பெஜோ வென்றது. இரு சக்கர இழுவை வண்டிகளுக்குப் பெரிய டயரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் குறைக்கும் வசதியும் விதிப்படி அனுமதிக்கப்பட்டிருந்தன. 2022இல் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கும் 37 அங்குல டயர் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஜெயித்தது.

எந்த வண்டியானாலும் ஒருநாள் புதையும். புதைந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது முதல் தவறு. சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். பழகியவர்கள் இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் கையாலேயே மணலை வழித்துவிட்டு, காற்றை இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பார்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்திக் கெட்டியாகியிருக்கும். இறக்குவதற்கும் எல்லை உண்டு. ரொம்பக் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடித்தால் டயரே ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சரிவில் குறுக்காகத் திரும்பினால் வண்டியே உருளும்.

மதியம் வெயில் ஏறி மணல் இளகியதும் பிக் ரெட்டிலிருந்து எல்லோரும் தார்ச்சாலைக்குத் திரும்புகிறார்கள். 15 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடித்துவிடும் என்பதால், பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாய் முன்னால் மறுபடியும் வரிசை. லேண்ட் குரூசரின் ஒவ்வொரு டயரும் நிரம்ப நேரம் பிடிக்கிறது. பின்னால் நிற்கும் ஜிம்னிக்காரர் தன் முறை வந்ததும் நாலு டயரையும் மளமளவென்று நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.