"பேன் சுத்துது... படம் வரலை!"
ரிச்சி தெருவில் ஒற்றை எழுத்தால் வந்த வினை

சென்னை அண்ணா சாலையை ஒட்டி ஒரு போலீஸ் நிலையம். காலை 11 மணி. 2025 நவம்பரில் ஒரு நாள், வழக்கம் போல செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அடிதடி இல்லை. செயின் பறிப்பு இல்லை. ரைட்டர் மேஜைக்கு முன்னால் ஒரு வாலிபர் மட்டும் நின்று கொண்டிருந்தார். கையில் அட்டைப் பெட்டி. கண்ணில் தூக்கம் இல்லை.

"ஏமாத்திட்டாங்க சார்" என்றார்.

"என்னத்த ஏமாத்துனாங்க?"

"கம்ப்யூட்டர் மெமரி சார். எட்டு பீஸ். ஒண்ணு கூட வேலை செய்யலை."

ரைட்டர் பில்லை வாங்கிப் பார்த்தார். "டி.டி.ஆர்.4, 16 ஜி.பி., 8 எண்ணம்" என்று எழுதி இருந்தது. பெட்டியைத் திறந்தார். அதே சரக்கு. எட்டும் இருந்தது.

"எழுதினதைத் தானே குடுத்திருக்கான் தம்பி? இதுல என்னன்னு கேசு போடுறது?"

வாலிபர் வாயடைத்துப் போய் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

அடகில் வளையல்

அவருக்கு வடபழனியில் ஒரு சின்ன அறையில் தொழில். கட்டிடம் எழும்பும் முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பார். 'ரெண்டரிங்' என்று அதற்குப் பெயர். பழைய எந்திரத்தில் ஒரு படம் முடிய விடிய விடிய ஓடும். காலையில் வந்து பார்த்தால் பாதியில் நிற்கும். பார்ட்டி போனில் கத்துவார்.

இரண்டு பிராசசர் போட்ட எந்திரம் இருந்தால் கஷ்டம் தீரும் என்று யாரோ சொன்னார்கள். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

ஆகஸ்டில் மெமரி வாங்கி வைத்தார். போர்டு கிடைக்க நவம்பர் ஆகிவிட்டது. பிராசசர், இன்டெல் ஜியான் இ5-2680 வி4. அந்த வரிசை 2016-ல் வந்தது. ஒன்றுக்கு 14 கோர், ஜோடிக்கு 28. பெரிய கம்பெனிகள் பழைய சர்வர்களைக் கழித்துப் போடுவதால் சல்லிசாகக் கிடைத்தது.

எல்லாம் மாட்டி நடுராத்திரியில் சுவிட்சைப் போட்டிருக்கிறார். பேன் சுற்றியது. படம் வரவில்லை. பீப்... பீப்... சத்தம் மட்டும் கேட்டதாம்.

10 விநாடியில் துப்பு

இருவரும் ரிச்சி தெருவுக்கு நடந்தோம். ஒரு காலத்தில் ரேடியோ சாமான் விற்ற தெரு. பிறகு கம்ப்யூட்டர் தெரு ஆனது. குறுகலான மாடிப்படி ஏறினால் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் அறை. 50 வயது இருக்கும். கண்ணாடியை மூக்கில் இறக்கி மெமரியைப் பார்த்தார். பத்து விநாடிதான்.

"இது 'யு' தம்பி. உன் போர்டு கேக்குறது 'ஆர்'."

ஸ்டிக்கரில் 'பிசி4-2400டி' என்று பொடி எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு கோடு. கோட்டை அடுத்து ஒரே ஒரு எழுத்து. அதில்தான் விஷயம் இருக்கிறது. 'யு' என்றால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. 'ஆர்' என்றால் சர்வருக்கு. 'எல்' என்றும் ஒன்று உண்டு, அதுவும் சர்வர் ஜாதிதான். மூன்றில் எதையும் எதோடும் கலக்கக் கூடாது.

'ஆர்' மெமரியில் நடுவே கூடுதலாக ஒரு சிப் இருக்கும். பிராசசர் போடும் உத்தரவை அது வாங்கி மற்ற சிப்களுக்குச் சொல்லும். கட்டிட வேலையில் மேஸ்திரி மாதிரி. மேஸ்திரி இருப்பதால் நிறைய ஆளை வைத்து வேலை வாங்கலாம். அதனால்தான் சர்வர் போர்டில் 16 மெமரி வரை மாட்ட முடிகிறது. தப்பு வந்தால் திருத்துவதற்கும் தனி சிப் உண்டு. வீட்டு மெமரியில் எட்டு சிப் இருக்கும் இடத்தில் இதில் ஒன்பது இருக்கும்.

கொடுமை என்னவென்றால் 'யு', 'ஆர்' இரண்டுக்குமே 288 கால். வெட்டும் ஒரே இடத்தில். சிக்கென்று உட்கார்ந்து விடும். மாட்டுகிறவனுக்கு சந்தேகமே வராது.

"கடைக்காரன் பேர்ல தப்பில்லை தம்பி. நீ கேட்டதைக் குடுத்தான்" என்றார் மெக்கானிக்.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. சாதாரண போர்டில் மெமரிக்கு நாலு இடம்தான். எட்டு பீஸ் ஒருத்தர் கேட்டால் "என்ன போர்டு?" என்று ஒரு வார்த்தை கேட்க வாய் நோகுமா?

சாய்ந்த ஊசி

தன்னிடம் இருந்த 'ஆர்' மெமரி ஒன்றை மாட்டினார் மெக்கானிக். படம் வந்தது! வாலிபர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

மெக்கானிக் விடவில்லை. அதே மெமரியை ஒவ்வொரு இடமாகக் கழற்றி மாட்டிக் கணக்கு எடுத்தார். இரண்டாவது பிராசசர் பக்கம் ஒரு இடம் மட்டும் கணக்கில் வரவில்லை. பிராசசரைக் கழற்றி செல்போன் டார்ச்சை அடித்தார். இந்த ஜாதியில் ஊசிக் கால்கள் பிராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில். அதில் ஒன்று சாய்ந்து கிடந்தது. பூதக்கண்ணாடியும் தையல் ஊசியும் எடுத்து நிமிர்த்தினார். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. நான் மூச்சு விடவே பயந்தேன்.

"பழைய போர்டு வாங்கும்போது கடையிலேயே மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்துடணும். வீட்டுக்குப் போயி பாத்தா, நீதான் ஒடைச்சேம்பான்" என்றார்.

பிறகு அவர் சொன்ன விவரம் வருமாறு:-

"முதல்ல போர்டை முடிவு பண்ணணும். அந்தப் போர்டு புக்குல என்ன மெமரின்னு போட்டிருக்கோ அதைத்தான் வாங்கணும். இவரு தலைகீழா வாங்கினாரு. அப்புறம் பிராசசர் நம்பர். இ5-க்கு அடுத்து 2-ல ஆரம்பிச்சா ஜோடி போடலாம். 1-ல ஆரம்பிச்சா ஒத்தைதான். ஒவ்வொரு பிராசசருக்கும் மெமரிக்கு நாலு பாதை. அதனால எட்டு பீஸ், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. எல்லாத்தையும் ஒரே பக்கம் சொருகினா, மத்தவன் ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்குத் தண்ணிக்குப் போற கதைதான். ஒரு பிராசசரைக் கழட்டிட்டா அந்தப் பக்கத்து மெமரி இடம் அத்தனையும் செத்துடும்."

இன்னும் சில சங்கதிகள் சொன்னார். இந்த மாதிரி போர்டு பல 12 அங்குலத்துக்கு 13 அங்குலம்; சாதாரண கேபினெட்டில் நுழையாது. பிராசசருக்கு ஒன்றாக இரண்டு 8 பின் கரண்ட் வயர் வேண்டும். மலிவு சப்ளையில் ஒன்றுதான் வரும். விண்டோஸ் 'ஹோம்' போட்டால் ஒரு பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்கும்; 'புரோ' போட வேண்டும். விண்டோஸ் 11-க்கான பிராசசர் பட்டியலில் இந்த ஜியான் கிடையாது. வாலிபர் லினக்ஸ் போடுவதாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் ரெட்டை வேணுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கணக்கு எழுதவும் போட்டோ திருத்தவும் இது தண்டம். 2020-ல வந்த ரைசன் 9 5950எக்ஸ், ஒத்தை பிராசசர்லயே 16 கோர். கோருக்கு கோர் இதைவிட வேகம். ராப்பகலா ரெண்டர் ஓடணும், மெமரி நிறைய வேணும், கையில காசு கம்மி... அவங்களுக்குத்தான் இது."

கடையில் திருப்பம்

மெமரி வாங்கிய கடைக்குப் போனோம். மூன்று மாதம் ஆகிவிட்டதால் சண்டை வரும் என்று தயாராகவே போனேன். கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் "குடுங்க, பழைய விலைக்கே எடுத்துக்கறேன்" என்றார். சேர் கூடப் போட்டார். எனக்கு ஆச்சரியம்.

பக்கத்துக் கடையில் விசாரித்த பிறகுதான் சங்கதி புரிந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு சரக்கு போவதால் 2025 கடைசியில் மெமரி விலை எகிறி விட்டது. அந்த எட்டு பீசுக்கு வெளியே அதைவிட நல்ல விலை! வாலிபர் கெட்டி. அங்கேயே விற்றார். 'ஆர்' மெமரியும் ஏறித்தான் இருந்தது. பழைய சரக்காக எட்டு வாங்கினார். கைக்காசு கொஞ்சம் போட வேண்டி வந்தது. இந்தத் தடவை பில்லில் 'ஆர்' என்றும், ஒரு மாத வாரண்டி என்றும் எழுதி வாங்கினார். மெக்கானிக் போனிலேயே கட்டளை போட்டிருந்தார்.

சனிக்கிழமை ராத்திரி 'மெம்டெஸ்ட்' ஓட விட்டார். காசில்லாமல் கிடைக்கும் சோதனை புரோகிராம் அது. விடியற்காலை 3 மணிக்கு எனக்கு போன்! "சார், ஏழு பீஸ் சுத்தம். ஒண்ணுல தப்பு காட்டுது."

ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் லீவு. திங்கள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றிருக்கிறார். பில்லைப் பார்த்தார்கள். பேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வடபழனி அறைக்குப் போய்ப் பார்த்தேன். எந்திரம் மிக்சி மாதிரி இரைந்து கொண்டிருந்தது. திரையில் மாடி வீடு ஒன்று கட்டம் கட்டமாக நிரம்பிக் கொண்டிருந்தது.

"வளையலை எப்ப திருப்புறீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பார்ட்டி பணம் குடுத்துட்டா பொங்கலுக்குள்ள சார்" என்றார்.