சொல்லின்மேல் குற்றமா?

‘மேன்ஸ்ப்ளெயினிங்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. பெண்ணுக்கு ஒன்றும் தெரியாதென்று எண்ணி, அவள் அறிந்ததையே அவளுக்கு ஆண் விளக்குவதைக் குறிப்பது. அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் 2008-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பிறந்தது. விருந்தொன்றில் ஒருவர், மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞரைப் பற்றிய நூலைக் குறித்து அவருக்குப் பாடம் நடத்தினாராம். அது சோல்னிட்டே எழுதிய நூல்! பாடம் நடத்தியவரோ மதிப்புரை மட்டும் படித்தவர். ஆனால் சொல் சோல்னிட் ஆக்கியதன்று. ஆண்கள் அனைவரையும் பழிப்பதாகுமோ என்ற தயக்கம் அவருக்கே இருந்தது.

எனக்கும் இருந்தது. ‘பெண்புத்தி’ என்று இகழ்வது தவறென்றால் இதுவும் தவறுதானே என்று விடுதியில் வாதாடியிருக்கிறேன்.

சென்ற விடுமுறையில், தயிர் உறைவது எப்படி என்று அம்மாவுக்கு விளக்கினேன். பாக்டீரியா, லாக்டிக் அமிலம், வெப்பநிலை எல்லாம் வந்தன. “பால் சூடா இருக்கும்போது உறை ஊத்தாதேன்னு உனக்குச் சொன்னதே நான்தானேடா” என்று சிரித்தாள். படித்த செருக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதையும் படித்தவன்தான் நான். வயலுக்கு உரமிடும் அப்பாவிடம் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இவ்வேறுபாட்டைச் சொல்ல ‘அகம்பாவம்’ என்ற பொதுச்சொல் போதவில்லை. ‘பெண்புத்தி’ பிறப்பைப் பழிக்கிறது. இது செயலைச் சுட்டுகிறது. எனினும் வகுப்பில் சற்று நீளமாகப் பேசும் மாணவன் ஒவ்வொருவன்மீதும் இதை வீசினால், இதுவும் பிறப்பைப் பழிப்பதாகிவிடும்.