கிளிக்குத் தினை மட்டும் போதுமா?

ராமநாதபுரம் மாவட்டம் அபிராமம், கமுதி பக்கம் மாசி, பங்குனியில் சென்றால் களமெல்லாம் முண்டு மிளகாய் சிவந்து கிடக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. ஒரு பழத்தைக் கடித்தால் நமக்குக் கண்ணில் நீர் வரும். கிளியோ அதை விதையோடு கொத்தித் தின்றுவிட்டு அடுத்த பழத்தைத் தேடும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளை உணரும் தன்மை பறவைகளின் நரம்புகளுக்குக் கிடையாது. காரம் நமக்கும் ஆடு மாடுகளுக்கும்தான். கிளிக்கு அது இனிப்பான பழம்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் கிளி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கிண்ணம் தினையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பறவை இரண்டு, மூன்று ஆண்டுகளில் இறந்துவிட்டால் 'அதன் ஆயுள் அவ்வளவுதான்' என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல தீவனம் கிடைத்தால் சிறிய பட்ஜரிகர் ஐந்து முதல் பத்து ஆண்டுகளும், காக்டெய்ல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. குறை ஆயுளில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை உங்கள் வயலிலும் கொல்லையிலுமே கிடைக்கின்றன.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

தீவனத்துக்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் வளையமுள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளியும், அதைவிடப் பெரிய, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளியும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட பறவைகள். இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 2023-ல் சென்னையில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வளர்த்த திரைப்பட நடிகர் ஒருவருக்கு ரூ.2.5 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

மொட்டைப் பனையின் பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வந்து பால்சோறு ஊட்டும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பறவைக்குப் பால் செரிக்காது. பெரும்பாலான குஞ்சுகள் கழிச்சல் கண்டோ, ஊட்டும் உணவு மூச்சுக்குழலில் ஏறியோ இறந்துவிடும். பிழைத்தவையும் காட்டில் வாழத் தெரியாதவையாக வளர்கின்றன. ஏற்கெனவே உங்களிடம் பச்சைக்கிளி இருந்தால் திடீரென்று பறக்கவிடாதீர்கள். இறக்கை வெட்டப்பட்ட, இரை தேடிப் பழகாத பறவை பூனைக்கும் காகத்துக்கும்தான் இரையாகும். அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே சரியான வழி.

வீட்டில் வளர்க்கத் தடையில்லாதவை வெளிநாட்டு இனங்கள். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜரிகர், கொண்டையுள்ள காக்டெய்ல் ஆகியவை இதில் அடங்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ, சன் கோனூர் போன்றவற்றை வளர்ப்பவர்கள் 2024-ம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

காட்டுக் கிளிக்கும் கூண்டுக் கிளிக்கும் உள்ள வேறுபாடு

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் வீட்டு மாடியில் பறவைகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் காலையிலும் மாலையிலும் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் அங்கே வந்து இறங்கின. 'அவர் அரிசி வைத்தாரே, நானும் என் கிளிக்கு அரிசியே வைக்கிறேன்' என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிளிகள் அரிசியைத் தின்றுவிட்டுப் பறந்துபோய் பழம், பூ, கொழுந்து, காய் என்று மீதித் தேவையைத் தாமே தேடிக்கொள்கின்றன. பறப்பதால் உடலில் கொழுப்பும் தங்குவதில்லை. கூண்டுக் கிளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீங்கள் வைப்பது மட்டுமே அதன் உலகம். நீங்கள் வைக்க மறந்த சத்து அதற்குக் கிடைக்கவே கிடைக்காது.

தானியம்: தேவை, ஆனால் பாதி மட்டும்

பட்ஜரிகருக்கும் காக்டெய்லுக்கும் சிறுதானியம் ஏற்ற உணவு. தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி, கம்பு ஆகியவற்றில் மூன்று, நான்கைக் கலந்து கொடுங்கள். உமியோடு கொடுப்பது முக்கியம். கிளி அலகால் உமியை நீக்கித் தின்னும்; அதுவே அதற்கு வேலையும் பொழுதுபோக்கும். தீட்டிய அரிசியில் தவிட்டுச் சத்து போய்விடுகிறது.

மானாவாரியில் குதிரைவாலியும் கம்பும் போடும் விவசாயிகள் கடைத் தீவனம் வாங்க வேண்டியதில்லை. வரப்போரம் கொஞ்சம் தினை விதைத்தால் 80 முதல் 90 நாளில் கதிர் கிடைக்கும். முழுக் கதிராகக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் பறவைகள் மிகவும் விரும்பித் தின்னும். கிளி வளர்ப்போர் இத்தகைய கதிர்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் கொழுப்பு மிகுந்தவை. கிளி மற்றதை ஒதுக்கிவிட்டு இவற்றையே பொறுக்கித் தின்னும். நாளடைவில் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அலகு தாறுமாறாக வளர்ந்து, திடீரென்று ஒரு நாள் இறந்து கிடக்கும். இவற்றை எப்போதாவது ஓரிரண்டு விதை என்ற அளவில் நிறுத்துங்கள். பூசணம் பட்ட நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கும். சந்தேகமுள்ள பருப்பைத் தொடவே வேண்டாம்.

கீரை, காய்: விடுபட்டுப்போன பாதி

தானியத்தில் வைட்டமின் ஏ-வும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. தானியம் மட்டும் தின்னும் கிளிக்குத் தும்மல், கண்ணைச் சுற்றி வீக்கம், வாய்க்குள் வெள்ளைத் திட்டு, காலடியில் புண் ஆகியவை வருவது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால்தான். மருந்துக்கு முன் உணவைப் பாருங்கள்.

முருங்கைக் கீரை, கொத்தமல்லித் தழை, கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி ஆகியவை இந்தக் குறையைத் தீர்க்கும். சிவந்த மிளகாயும் அப்படித்தான். பட்ஜரிகருக்கு ஒரு சிறு துண்டு, பெரிய கிளிக்கு ஒரு முழுப் பழம், விதையோடு கொடுக்கலாம். ஆனால் விற்பனைக்குப் பயிரிட்ட மிளகாய்க்கு எத்தனை முறை மருந்து அடித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பறவைக்கு அதில் ஒட்டியிருக்கும் சிறு துளியும் அதிகம். கொல்லையில் மருந்தடிக்காமல் நிற்கும் ஒரு செடியின் பழமே கிளிக்கு உரியது. வெளுத்துப் பூசணம் பிடித்த வற்றலையும் ஒதுக்குங்கள்.

பச்சைப்பயறைக் கழுவி, ஊறவைத்து, முளை கட்டிக் கொடுத்தால் புரதம் கிடைக்கும். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். அவரை, காராமணி போன்ற காய்ந்த பருப்புகளைப் பச்சையாகக் கொடுக்காமல் உப்பில்லாமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கொய்யா, மாதுளை போன்ற பழங்கள் தினமும் ஒரு சிறு துண்டு போதும்.

பட்ஜரிகர், காக்டெய்லுக்கு எளிய கணக்கு இது: பத்துப் பங்கு உணவில் ஐந்து பங்கு சிறுதானியம், மூன்று பங்கு கீரையும் காயும், ஒரு பங்கு முளைப்பயறு, ஒரு பங்கு பழம். பட்ஜரிகர் ஒன்றுக்கு நாளொன்றுக்குத் தானியம் ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டியும், காக்டெய்லுக்கு ஒரு மேசைக்கரண்டியும் போதும். நகரங்களில் கிடைக்கும் பெல்லட் தீவனம் வாங்க முடிந்தால் தானியத்தில் பெரும்பகுதிக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பெரிய இனங்களுக்கு பெல்லட், காய், கீரையே முதன்மை உணவாக இருக்க வேண்டும்; தானியம் சிறிதளவே.

கடற்கரை தரும் சுண்ணாம்பு

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கூண்டின் தரையில் சிறகை உப்பிக்கொண்டு முக்கியபடி உட்கார்ந்திருந்தால் அது அவசர நிலை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இதைத் தடுக்கும் பொருள் நம் மாவட்டக் கடற்கரையிலேயே ஒதுங்குகிறது. அதுதான் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' என்று விற்பார்கள். கரையில் பொறுக்கியதானால் சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு போன பிறகு கொதிக்கவைத்து வெயிலில் காய வையுங்கள். மென்மையான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி கூண்டில் கட்டுங்கள்.

உண்ட சுண்ணாம்பு உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குக் காலை இளவெயிலில் அரை மணி நேரம் கூண்டை வையுங்கள். பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும்.

கொடுக்கவே கூடாதவை

வெண்ணெய்ப்பழம் கிளிக்குக் கொடிய நஞ்சு. சாக்லேட், காபி, டீ, மது, மிக்சர், முறுக்கு, ஊறுகாய், கருவாடு, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை எதுவும் கூடாது. குழந்தைகள் அன்போடு நீட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும்தான். இதைக் குழந்தைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

விவசாய வீடுகளில் மட்டும் உள்ள ஆபத்து ஒன்று உண்டு. விதைப்புக்கு வாங்கிய கம்பு, சோளம் மீந்தால் 'வீணாக வேண்டாம்' என்று கிளிக்குப் போடுவார்கள். அது பூஞ்சாணக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் கலந்து விதை நேர்த்தி செய்யப்பட்ட விதையாக இருக்கும். சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருந்தால் ஒரு மணிகூடப் போடக் கூடாது. கோழிக்கும் போடாதீர்கள்.

உட்காரவும் கடிக்கவும் கொய்யா, வேப்பங்குச்சி வையுங்கள். அரளி, எருக்கு, காட்டாமணக்குக் குச்சிகள் ஆகாது. நான்ஸ்டிக் பாத்திரம் தீய்ந்து வரும் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால் சமையலறையில் கூண்டு வேண்டாம்.

தண்ணீரும் கிண்ணமும்

நம் பகுதியில் பல கிணறுகளில் உப்புநீர். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கிளிக்கும் வையுங்கள். காலை, மாலை இருவேளையும் மாற்றுங்கள். ஈரமான உணவை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் அதற்குள் கெட்டுவிடும்.

தினமும் காலையில் தானியக் கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள். கிளி தின்ற பிறகு உமி கிண்ணத்திலேயே தங்கும். பார்க்க நிறைந்த கிண்ணம் போலவே இருக்கும். ஊதினால் எல்லாம் பறந்து அடியில் ஒரு மணிகூட இருக்காது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் கூண்டை ஒப்படைப்பவர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள். 'கிண்ணம் நிறையத்தான் இருந்தது' என்ற பேச்சோடு பட்டினியில் இறந்த கிளிகள் உண்டு.

மாற்றம் மெதுவாக இருக்கட்டும்

பல ஆண்டுகள் தினையே தின்ற கிளிக்குக் கீரை உணவு என்றே தெரியாது. இன்றே தினையை நிறுத்தினால் அது கீரையைப் பார்த்தபடி பட்டினி கிடக்கும். முதல் வாரம் முருங்கை இணுக்கைக் கூண்டில் செருகி மட்டும் வையுங்கள். பிறகு கேரட்டைத் துருவித் தினையோடு பிசறுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது புது உணவையும், பிறகு வழக்கமான தினையையும் வையுங்கள். பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். நகைத் தராசு அல்லது சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கிளி தன் நோயை வெளிக்காட்டாது. பகலில் சிறகை உப்பிக்கொண்டு தூங்குவது, எச்சத்தின் நிறமும் அளவும் மாறுவது, குரல் மாறுவது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது ஆகியவை தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது அது என்ன தின்கிறது என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நாளைக் காலை கொல்லையில் முருங்கை இணுக்கு ஒன்றை ஒடித்துக் கழுவிக் கூண்டில் செருகுங்கள். முதல் நாள் கிளி பயந்து ஒதுங்கும். எடுத்து எறியாமல் அடுத்த நாளும் புதிதாக ஒன்றை வையுங்கள்.