அழுத்தக் கூடமும் கறுப்புப் பூஞ்சையும்

2021 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, அங்கத்தினர் ஒருவர் தமது சேமிப்பு முழுவதையும் திருப்பித் தரும்படி விண்ணப்பித்திருந்ததைக் கண்டோம். காரணம் வினவினோம். கொரோனாவிலிருந்து மீண்ட அவருடைய தமையனாருக்குக் கறுப்புப் பூஞ்சை நோய் கண்டிருந்தது. கண்ணை அகற்ற வேண்டுமென வைத்தியர்கள் கூறிவிட்டனர். வெளியூரில் பிராணவாயு அழுத்தக் கூடமொன்றில் படுக்கவைத்தால் கத்தியின்றியே குணமாகும் என்று யாரோ சொல்ல, அவர் தறியையும் விற்கத் துணிந்திருந்தார்.

இப்பூஞ்சையின் வித்துக்கள் மண்ணிலும் மக்கிய குப்பையிலும் எங்கும் உள்ளவை. உழவர் நாள்தோறும் சுவாசிப்பவையே. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. கட்டுக்கடங்காத நீரிழிவும், அவ்வாண்டில் தாராளமாக வழங்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகளுமே அதற்கு வழி திறந்துவிட்டன. ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000க்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். நீரிழிவுள்ள அங்கத்தினர்கள் முகத்தில் ஒருபுற வலி, கண் வீக்கம், மூக்கில் கறுத்த கசிவு கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பூஞ்சை இரத்தக் குழாய்களுட் புகுந்து அவற்றை அடைத்துவிடும். இரத்தம் எட்டாத தசை மடிந்து கறுக்கும். ஆம்ஃபோடெரிசின் மருந்தும் இரத்தத்தின் வழியே செல்வதாதலால் அவ்விடத்தைச் சேராது. ஆகவேதான் மடிந்த பகுதியை வெட்டியெடுக்கின்றனர்.

அழுத்தக் கூடம் என்பது உருளையிலிருந்து மூக்குவழி பிராணவாயு அளிப்பதன்று. (உருளைக்காக அலைந்த அவ்வாண்டில் மக்கள் இரண்டையும் ஒன்றெனக் கொண்டதில் வியப்பில்லை.) மூடிய அறையில் அழுத்தத்தை இரண்டு அல்லது இரண்டரை மடங்காக்கி, சுமார் ஒன்றரை மணி நேரம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வர். சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர் பிராணவாயுவே கரைந்திருக்கும். மூன்று மடங்கு அழுத்தத்தில் அது 6 வரை உயரும். குருதி குன்றிய தசைக்கு அது எட்டுகிறது. பூஞ்சையைக் கொல்லும் வெள்ளணுக்களும் வலுப்பெறுகின்றன. மடிந்த தசையை மட்டும் அது உயிர்ப்பிக்காது.

2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்முறையைத் துணையாகப் பெற்ற 28 பேரின் வரலாறுகளைத் தொகுத்தது. நீரிழிவுடையோரில் நூற்றுக்கு 94 பேர் பிழைத்தனர். இரத்தப் புற்றுநோய் போன்றவை உடையோரில் 33 பேரே. நல்ல பலன் கண்ட நோயாளிகளைப் பற்றியே எழுதும் வழக்கம் வைத்தியர்களுக்கும் உண்டாகையால், இவ்வெண்களை நாம் தணிக்கைக் கண்ணோடுதான் நோக்குகிறோம்.

அந்த அங்கத்தினரோடு நாமும் வைத்தியரிடம் சென்றோம். “கூடம் கிடைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அறுவையை ஒரு நாளும் தள்ளாதீர்கள்” என்றார் அவர். மறுநாளே அறுவை நடந்தது. தமையனார் ஒரு கண்ணை இழந்தார், உயிர் தங்கியது. சேமிப்பிற் பாதி மருந்துக்குச் சென்றது. தறி விற்கப்படவில்லை, அதற்கு இப்போது தார் சுற்றித் தருபவர் தமையனாரே.