தந்தை அறியாத கனி

மங்குஸ்தான் கன்று வாங்கப் போன இடத்தில், ஆண் கன்றும் பெண் கன்றுமாகச் சோடி சேர்த்து நட்டாலன்றிக் காய் பிடிக்காதென்றும், அவ்விதம் நட்டால் மூன்றாம் ஆண்டிலேயே கூடை கூடையாகப் பழம் பறிக்கலாமென்றும் விற்பவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதாகவும், அதனால் ஒன்றுக்கு இரண்டாக விலை கொடுக்க நேர்ந்ததாகவும், இதில் மெய் எவ்வளவு என்று விளக்க வேண்டுமெனவும் சூலூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மெய் சிறிதும் இல்லை என்று ஒரு வரியில் விடையளித்து முடித்துவிடலாம். ஆனால் தாவர உலகத்தின் மகா விசித்திரங்களுள் ஒன்று இந்தக் கேள்விக்குள் ஒளிந்து கிடப்பதாலும், அதைப் பிரத்தியட்சமாகக் காணக்கூடிய இடம் சூலூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தொலைவிலேயே இருப்பதாலும், சற்று விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சென்று, பாக்குத் தோப்புகள் அடர்ந்த கல்லாற்றைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கினால், குன்னூருக்குப் பாதி வழியில், ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் பர்லியார் வருகிறது. நம்மில் பலருக்கு அது ஊட்டிக்குப் போகும்போது வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தி, குரங்குகளுக்கு அஞ்சிப் பையை இறுகப் பற்றிக்கொண்டு, சாலையோரக் கடையில் பழம் வாங்கும் இடம் என்ற அளவிலேயே பரிச்சயம். அந்தச் சாலைக்கு அருகிலேயே, 19ஆம் நூற்றாண்டிலிருந்து நிலைபெற்று வரும் அரசாங்கப் பழப்பண்ணை ஒன்று, வெப்பமண்டலத் தாவரச் சோலையாகவே வளர்ந்து நிற்பதை இறங்கிப் பார்ப்போர் மிகச் சிலர். மலையின் மேற்பகுதியிலுள்ள உதகைப் பூங்காவில் குளிர்நாட்டுப் பூக்கள். இங்கேயோ மலேயாத் தீவுக்கூட்டத்தின் காடுகளிலிருந்து வந்த துரியன், ரம்புத்தான், மங்குஸ்தான், சாதிக்காய், கிராம்பு ஆகிய விருட்சங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழையையே பெருவரவாக எண்ணும் சூலூர்வாசிகளுக்கு, ஒரு மணி இரண்டு மணிப் பயணத்தில் இப்படியொரு ஈரம் சொட்டும் நிழல் இருப்பதே ஓர் ஆச்சரியம்.

இத்தகைய இடத்திற்குப் பேருந்து நிறையக் கூட்டமாகச் சென்று, ஒரே நாளில் பதினைந்து இடங்களைத் தொட்டுவிட்டுத் திரும்புவதில் எனக்குச் சம்மதமில்லை. நான்கைந்து பேர் ஒரு தனி வண்டியில் சென்று, தோட்ட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவரை அந்த ஒரு நாளுக்கு வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் குனியும் இடத்தில் குனிந்து பார்ப்பதே உசிதம். நண்பர் குடும்பத்தோடு நான் சென்றபோது எங்களுக்கு வாய்த்த பெரியவர் முதலில் அழைத்துச் சென்றது சாதிக்காய் மரத்தினிடம். "இதுக்கு ஆம்பளை மரம், பொம்பளை மரம் தனித்தனியா உண்டுங்க. பத்துப் பொம்பளை மரத்துக்கு ஓர் ஆம்பளை மரம் போதுமுங்க," என்று சொல்லி, அங்கிருந்து இருண்ட பசுமையான தடித்த இலைகளையுடைய ஒரு மரத்தடிக்கு நடத்திச் சென்று, "மங்குஸ்தானுக்கு அந்தச் சங்கதியே இல்லீங்க, நிக்கறது அத்தனையும் தாய்தானுங்க," என்றார். கன்று வணிகர் சொன்ன சோடிக் கதை சாதிக்காய்க்குப் பொருந்தும். அதை மங்குஸ்தானின் தலையில் ஏற்றியதுதான் தவறு.

பழம் கையில் வந்ததும் பிளக்கப் போன நண்பரின் மகளைப் பெரியவர் தடுத்து, "கண்ணு, தின்னறதுக்கு முன்னால கவுத்துப் பாரு," என்றார். கருஞ்சிவப்பான தோலின் அடிப்பக்கத்தில், மரத்தாற் செதுக்கி ஒட்டியது போன்ற சிறு பூவடிவம் ஒன்று இருக்கிறது. அது பூவாயிருந்தபோது மகரந்தத்தை ஏற்பதற்கென அமைந்த சூல்முடி, காய்ந்து கெட்டிப்பட்டு நிற்கும் நிலை. அதன் இதழ்களை அவள் எண்ணினாள்: ஆறு. இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தித் தோலை விரித்தபோது உள்ளே வெண்சுளைகளும் ஆறே. சூல்முடியின் ஒவ்வொரு பிரிவும் சூலகத்தின் ஓர் அறைக்கு உரியது, ஒவ்வோர் அறையும் ஒரு சுளையாகிறது. ஆதலால் இதில் சோதிடம் ஒன்றும் இல்லை. ஆறு சுளைகளில் ஐந்து மெலிந்தவை, விதையற்றவை. ஒன்று மட்டும் பருத்திருந்தது, அதற்குள் விதை. அந்த விதைதான் விஷயத்தின் மையம்.

மங்குஸ்தான் பூவில் பருத்த சூலகத்தின் அடியைச் சுற்றி, மகரந்தத் தாள்களின் சாயலில் சில இழைகள் உண்டு. அவை பெயரளவுக்கே நிற்பவை. பயனுள்ள மகரந்தம் அவற்றில் இல்லை. ஆணணுவைக் கொண்டு வரும் மரம் வேறெங்கும் இருப்பதாகவும் தெரியவில்லை. 1987இல் மலேசியாவில் ஆண் மரம் கண்டதாக ஓர் அறிக்கை வெளிவந்தது. அது இவ்வினத்தின் மரந்தானா என்று பிற்பாடு ஐயுற்றோர் உண்டு. எப்படியாயினும் பர்லியாரில் பழுக்கும் பழத்துக்கு அந்த ஆணின் தயவு தேவைப்படவில்லை. மகரந்தமும் முட்டையணுவும் கூடிக் கரு உண்டாகும் பள்ளிப் பாடத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். சூலுக்குள் முட்டையணுவுக்கு உரிய ஆசனம் வெறுமையாகிவிட, சூலின் சுவரிலிருக்கும் சாதாரண உடலணுக்கள், அதாவது இலையிலும் பட்டையிலும் உள்ளவற்றின் உடன்பிறப்புகளான தாயின் சொந்த அணுக்கள், தாமே பெருகத் தொடங்கி, உள்நோக்கி வளர்ந்து, கருவின் ஸ்தானத்தை நிரப்பிக்கொள்கின்றன. குரோமோசோம்கள் பாதியாகப் பிரிவதும் இல்லை. வேறொரு பாதியோடு சேர்வதும் இல்லை. தாவரவியலார் அபோமிக்ஸிஸ் என வழங்கும் இம்முறை, எலுமிச்சை, ஆரஞ்சு, சில மா வகைகள் ஆகியவற்றிலும் ஓரளவு உண்டு; ஒற்றை எலுமிச்சை விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எழுவதைக் கண்டவர்கள் அதன் அடையாளத்தையே கண்டவர்கள். ஆனால் எலுமிச்சை பழைய வழியையும் கைவிடாமல் வைத்திருக்கிறது. மங்குஸ்தானோ அதை அறவே துறந்துவிட்டது.

பெரியவர் அந்த விதையைக் கத்தியால் இரண்டாக வகிர்ந்து காட்டினார். புளியங்கொட்டையையோ அவரை விதையையோ பிளந்தால் காணும் இரு பருப்புகள் அதில் இல்லை, முளைக்குருத்தும் இல்லை, முழுதும் ஒரே சீரான சதை. கண்டிப்பாகப் பேசினால் அது விதையே ஆகாது. விதையின் வேடத்தில் இருக்கும் ஒரு சிறு கிழங்கு. ஈர மணலில் இட்டால் ஒரு முனையிலிருந்து தளிரும் அதற்கு நேர் எதிர் முனையிலிருந்து வேரும் புறப்படுகின்றன. பின்னர்த் தளிரின் அடியிலிருந்து புதிய வேர் ஒன்று தோன்றி, முதல் வேரின் பதவியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நாற்றுத் தட்டில் இவ்வண்ணம் இரு திசைகளிலும் நீண்டிருந்த முளைகளைப் பார்த்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை மறைக்க முயலவில்லை.

இந்த வம்ச மரபை எண்ணும்போது நம் அடுக்களையில் தயிர் உறைவதே ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்து நாளைய பாலில் விடுகிறோம், நாளையதிலிருந்து மறுநாளுக்கு, இப்படியே பாட்டி காலத்திலிருந்து உறை மோர் அறுந்து போகாமல் வருகிறது. எந்தத் தயிருக்கும் தந்தை கிடையாது. முந்தைய நாளின் தயிரே அதற்குத் தாய். மகளை மணமுடித்துப் பல்லடத்துக்கு அனுப்பினால், அவள் ஒரு கிண்ணத்தில் உறையையும் எடுத்துச் செல்ல, சூலூர்த் தயிரே பல்லடத்திலும் உறைகிறது. அங்கிருந்து அடுத்த வீட்டார் கடன் வாங்க, அவர் மகள் திருப்பூருக்குக் கொண்டு போக, ஒரு ஜில்லாவே ஒரே தயிரை உண்ணும் நிலை வரும். உறை கெடாதிருக்கும் வரை எல்லார் வீட்டிலும் ஒரே ருசி. கெட்டுவிட்டாலோ யாரிடம் போய்க் கடன் வாங்குவது? பக்கத்து வீட்டிலும் அதே கெட்ட உறைதானே இருக்கும்! இன்னொன்றும் உண்டு: உறை மோர் நாள்பட நாள்பட, வீட்டின் சூட்டுக்கும் பாத்திரத்தின் இயல்புக்கும் ஏற்பச் சிறிது சிறிதாகப் புளிப்பு மாறி, பல்லடத்துத் தயிர் சூலூர்த் தயிரிலிருந்து நூலிழையளவு வேறுபடத் தொடங்கும். மங்குஸ்தானுக்கும் அதுவே. உலகிலுள்ள மங்குஸ்தான் மரங்கள் யாவும் ஒரே மரத்தின் பிரதிகள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, டி.என்.ஏ. சோதனைகள் வந்தபின், பெரும்பாலானவை ஒன்றையொன்று மிக நெருங்கியிருந்தாலும், தனித்தனி வேறுபாடுகள் கொண்ட சிறு பிரிவுகளும் உண்டு என்பது தெளிவாயிற்று. ஆகவே இன்றும் சில நூல்களில் அச்சாகும் "உலகமெல்லாம் ஒரே மரம்" என்ற வாசகத்தைச் சற்றுக் குறைத்தே வாசிக்க வேண்டும்.

ஒற்றுமையின் அபாயம் வெறுங்கற்பனையும் அன்று. கன்றுகளாலேயே பெருக்கப்பட்டு வந்த கிராஸ் மிஷேல் என்னும் வாழை, மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய்க்கு வரிசை வரிசையாக இரையாகி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக வாணிபத்திலிருந்தே விடைபெற்றது. மங்குஸ்தானுக்கு அப்படிப்பட்ட கதி இதுகாறும் நேராதது நம் பாக்கியம்.

சரித்திரம் என்ற பெயரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதியை நான் நம்புவதில்லை. பழத்தைப் புதிதாகக் கொணர்ந்து தருவோர்க்கு விக்டோரியா மகாராணி 100 பவுன் பரிசு அறிவித்தார் என்பது பழக்கடைக்காரர் முதல் பத்திரிகையாளர் வரை எல்லோரும் எடுத்தாளும் கதை. அது டேவிட் ஃபேர்சைல்டு என்ற அமெரிக்கத் தாவர யாத்ரிகர் 1930இல் எழுதிய நூலுக்கு முன்னே செல்வதில்லை, அதற்கு ஆதாரமான பத்திரம் எதுவும் கிடைத்ததும் இல்லை. லின்னேயஸ் 1753இல் மங்குஸ்தானின் பேரினத்துக்கு, லாரன் கார்சின் என்ற இயற்கை ஆய்வாளரின் நினைவாகப் பெயரிட்டது மெய். மீன் குழம்புக்கு இடும் கொடம்புளி இதன் நெருங்கிய உறவு என்பதும் மெய். இரண்டு காட்டினங்களின் கலப்பில் மங்குஸ்தான் பிறந்தது என 1990இல் ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட கருத்தைப் பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்து, ஒரே காட்டினத்தின் வழிவந்ததாகவே கருதுகின்றனர். வழக்கு முடியவில்லை.

பருவந்தோறும் செய்தித்தாள்களில் இப்பழம் புற்றுநோயை ஒழிப்பதாக வரும் துணுக்குகளையும் இங்கே பேசிவிட வேண்டும். சாந்தோன் என்ற வகைச் சேர்மங்கள் மங்குஸ்தானில் இருப்பதும், கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களின் மேல் அவை வேலை செய்வதும் உண்மை. கண்ணாடித் தட்டிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு உள்ள தூரம் மிக நெடியது, அதை இப்பழம் கடந்ததாக நிரூபணம் இல்லை. அச்சேர்மங்கள் மிகுந்திருப்பதும் நாம் வீசியெறியும் தோலில்தான். பர்லியாரின் துரியனைத் தேடி, மகப்பேறு வேண்டித் தொலைவிலிருந்து தம்பதியர் வந்து பெருவிலை கொடுத்துச் செல்வதைக் காணும்போது மனம் கனக்கிறது. அவர்களுடைய ஏக்கம் போற்றத்தக்கது, அந்த ஏக்கத்தை மூலதனமாக்கும் வாக்குறுதிக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. இரவில் மலர்ந்து வௌவால்களை வரவழைத்து மகரந்தம் பரிமாறும் துரியன், தன் உண்மைச் சரிதத்தாலேயே போதுமான அளவு அற்புதமானது.

சூலூரில் நடலாமா என்பதற்கு வருவோம். மங்குஸ்தானின் வேரில் உறிஞ்சும் நுண்மயிர்கள் இல்லை. அதனால் நிலத்தின் ஈரத்தைத் தேடிப் பிடிக்கும் சக்தி அற்பம். இளங்கன்றுக்கு நிழலும் ஈரக் காற்றும் இன்றியமையாதவை. சுண்ணாம்பு கலந்த நம் மண்ணும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து ஆடி மாதத்தில் வாழைத்தாரையே சாய்க்கும் காற்றும் அதற்கு ஆகா. ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், விதைக்கன்று பழுக்க ஏழு முதல் பத்து ஆண்டு, சிலவேளை அதற்கு மேலும் ஆகும்; ஒட்டுக்கன்று சற்று முந்தும், எனினும் குள்ளமாகவே நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு வண்டி அமர்த்தி, ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் பர்லியாருக்குச் சென்று வருவது மேல்.

கீழே கல்லாற்றில் 1900இல் தொடங்கப்பெற்ற பண்ணையிலும் முதிய மங்குஸ்தான் மரங்கள் உண்டு. அது யானைகளின் வழித்தடத்தில் அமைந்திருப்பதால் இடம் மாற்றப்பட வேண்டுமென்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. யானைக்கு வழிவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நூறாண்டு மரங்கள் போய்விடுமே என்று வருந்துவோரின் துயரமும் நியாயமானதே. ஆனால் மங்குஸ்தானைப் பொறுத்தமட்டில், மரம் தன் சந்ததியைப் படைக்கும் முறையே இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது. துரியனையோ சாதிக்காயையோ விதையால் எடுத்துச் சென்றால் பழைய மரம் திரும்பக் கிடைக்காது; ஒட்டுக் கட்டித்தான் காக்க வேண்டும். மங்குஸ்தானுக்கு விதையே போதும். பழத்திலிருந்து எடுத்துக் காய விட்டால் சில நாளிலேயே உயிர் போய்விடும் என்பதால், ஈரத் தென்னைநாரில் பொதிந்து உடனே கொண்டுபோய், நிழலும் நீரும் உள்ள வேறொரு மலையடிவாரத்தில் ஊன்றினால், அங்கே எழுவது கல்லாற்று மரமேதான். பத்தாண்டுக் காத்திருப்பு ஒன்றே அதற்கு விலை. அந்தப் பத்தாண்டை எண்ணத் தொடங்குவதற்கு, வரும் பருவத்துப் பழங்களுக்கு மேல் தாமதிக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.